மீன் கதைத்த படம்

இத்தாலி முழுக்கத் தேடினாலும், தெரியாத ஒன்றைச் செக்கொந்தோ அண்ணையைப் போல அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரக்கூடிய இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். தெரிந்ததைச் சொல்ல யாராலும் முடியும். பள்ளிக்கூடத்து வாத்திமார் சம்பளத்துக்கு அதைத்தானே செய்கிறார்கள்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பலெர்மோவில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. வந்து இறங்கிய புதிதில் "செக்கொந்தோ மே" என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'என்னுடைய எண்ணப்படி' என்று அர்த்தம். வாயைத் திறந்தால் அதுதான் முன்னுக்கு வரும். "செக்கொந்தோ மே, இண்டைக்கு மழை பெய்யாது." "செக்கொந்தோ மே, இந்தக் கத்தரிக்காய் முத்தல்." மழை பெய்யும். கத்தரிக்காய் பிஞ்சாக இருக்கும். ஆனாலும் பெயர் ஒட்டிவிட்டது.

மன்னார்க்காரர். நாற்பதைத் தாண்டிய பிரமச்சாரி. நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. பகலில் பெரிய கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவார். எங்களுக்கு முதலே வந்து சேர்ந்தவர் என்பதால் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளரும் அவர்தான். ஊரில் கொஞ்சம் இங்கிலீஸ் படித்திருந்தார். அந்த இங்கிலீஸ்தான் அவருக்கு எமன். முதன்முதல் வேலைக்குப் போன வீட்டில், "காமெராவைத் துப்புரவாக்கி வை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார சிஞ்ஞோரா சந்தைக்குப் போய்விட்டாள். இத்தாலியனில் காமெரா என்றால் படுக்கை அறை. அண்ணை அலுமாரி முழுக்கத் தேடி, அவள் புருசன் படம் பிடிக்கிற காமெராவைக் கண்டெடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டார்.

"பிறகென்ன நடந்தது அண்ணை?" என்று கேட்டோம்.

"அந்த வேலை எனக்கு ஒத்துவரேல்லை" என்றார்.

இரவில் தன் அறைத் தொலைக்காட்சியில் படம் பார்ப்பார். சினிமா விசயத்திலும் அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. "கவனிச்சனியே பிள்ளை? இவங்கடை படங்களிலை கொலைகாரன் ஒருநாளும் பிடிபடமாட்டான். அது இந்த நாட்டு வழக்கம்." மாஃபியாவின் சொந்த ஊரான பலெர்மோவில் இருந்துகொண்டு இதை மறுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'முகில் மனிதன்' என்றொரு படம் வந்தது. வேண்டிய நேரத்தில் முகிலாக மாறிப் பறக்கிற ஒரு வீரன். எங்கே தீப்பிடித்தாலும் அதற்கு மேலே போய் நின்று மழையாகப் பொழிந்துவிடுவான். வேலை செய்கிற வீடுகளில் துணி மடித்தபடி தொலைக்காட்சியில் பார்த்தோம். பேச்சு விளங்காவிட்டால் என்ன, மழை விளங்கும்தானே? எங்கள் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

அதன் இரண்டாம் பாகம் கபோச் சந்தைக்குப் பக்கத்துத் தியேட்டருக்கு வந்தபோது, ஒரு வியாழன் பின்னேரம் கூட்டமாகக் கிளம்பினோம். வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. இந்த நாட்டுத் தியேட்டருக்குள் காலடி வைப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. வெளியே நல்ல மழை. உள்ளே சனம் நெருக்கி, அவிந்துகொண்டிருந்தது.

அந்தப் பாகத்தில் வில்லனிடம் ஒரு மலையளவு காற்றாடி. அதைச் சுழற்றி முகிலை ஊதிக் கலைப்பதுதான் அவன் திட்டம். அந்தப் புழுக்கத்துக்குள் இருந்த எங்களுக்கு வில்லன்மேல் கோபமே வரவில்லை. செக்கொந்தோ அண்ணை நடுக்கதிரையில் இருந்து உரத்த குரலில் மொழிபெயர்த்தார். "இப்ப இவன் சொல்லுறான், உன்னை விடமாட்டன் எண்டு. அதுக்கு அவன் சொல்லுறான், நானும் உன்னை விடமாட்டன் எண்டு." எத்தனை நேரம் பேசினாலும் இருவரும் இதையேதான் பேசினார்கள்.

கடைசியில் காற்றாடி வென்றது. முகில் மனிதனை ஊதிக் கொண்டுபோய் நடுக்கடலில் ஒரு கற்பாறையில் போட்டது. அவனால் இனி முகிலாக மாற முடியாது. தோளில் கட்டியிருந்த போர்வையைக் கழற்றிப் பிழிந்தான். இரண்டு பாறைக்கு நடுவே கயிறு கட்டி அதைக் காயப்போட்டான். பெனியனோடு அதன் கீழே குந்தியிருந்தான். சோகமான இசை. பிறகு திரையில் பெரிய எழுத்து: ஃபீனே பிரீமோ தெம்போ. விளக்குகள் எரிந்தன.

அண்ணை எழுந்து, பூசை முடித்த சுவாமியார் போல எங்கள் பக்கம் திரும்பினார். "ஃபீனே எண்டால் முடிவு. பிரீமோ எண்டால் முதல்தரம். தெம்போ எண்டால் காலநிலை, செய்தியிலை ஒவ்வொருநாளும் சொல்லுறாங்கள். படம் முடிஞ்சுது, வெளியிலை முதல்தரமான காலநிலை. எழும்புங்கோ."

வெளியே வந்து பார்த்தால் மழை விட்டு, வெயில் எறித்துக்கொண்டிருந்தது! அதற்குப் பிறகு யார் சந்தேகப்படுவது?

வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, கோப்பை கழுவுகிற நேரத்தில் பிலோமினா மூச்சிரைக்க வந்து நின்றாள். பிலோமினா பக்கத்துச் சந்தில் இருந்த விதவைப் பெண். ஒரு படுத்த படுக்கையான கிழவியைப் பராமரிக்கிற வேலை. நாட்கணக்காகக் கண் மூடாமல் இருந்தவள், எங்களோடு வந்து, தியேட்டரில் விளக்கு அணைந்த உடனேயே தூணுக்குப் பின்னால் நித்திரையாகிவிட்டாள். எழும்பி வரும்போது அவளை நாங்கள் கவனிக்கவில்லை.

"என்னை விட்டிட்டு ஏனக்கா ஓடி வந்தனீங்கள்? கடைசிப் பக்கம் என்ன திறம்! முகிலன் வெண்டிட்டான்!"

"எங்கை வெண்டவன்? தோத்துப்போய் உடுப்பெல்லே காயப்போட்டவன்?" என்றேன்.

"இல்லையக்கா. கடலுக்குள்ளையிருந்து ஒரு மீன் வந்து அவனோடை கதைச்சது. அதுக்குப் பிறகுதான் வெண்டவன்."

அல்பெர்கேரியாவே குலுங்கச் சிரித்தோம். "என்ன மீன் பிலோமினா?" என்று கேட்டார் அண்ணை.

"ஓரா மீன். மன்னாரிலை பிறந்த எனக்கு ஓரா தெரியாதே?"

"நானும் மன்னார்தான். ஓரா கதைச்சு நான் கேட்டதில்லை. நீர் கனவு கண்டிருக்கிறீர்."

"தியேட்டருக்குள்ளை முழிச்சிருந்து பாத்தனான்! கனவு கண்டது நீங்கள்!"

அன்று தொடங்கியது. எங்களில் பலபேர், 'வீரன் தோற்கிறதெல்லாம் ஒரு படமா, சுத்தக் குப்பை' என்றோம். பிலோமினா, 'அவன் வென்றவன், அருமையான படம்' என்றாள். அண்ணையோ, 'அவன் தோற்றவன், அதனால்தான் அது அருமையான படம்' என்றார். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. தோற்றதற்காக ஒரு வீரனை யாராவது கொண்டாடுவார்களா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பிள்ளை, வெண்டவனுக்கு உடுப்புத் தோய்ச்சுக் குடுக்க ஆயிரம் பேர் வருவினம். தோத்தவன் தன்ரை உடுப்பைத் தானே தோய்க்கிறான். அதைக் காட்டிப்போட்டு முடிச்சான் பார், அவன்தான் படம் எடுக்கத் தெரிஞ்சவன்!"

அன்று நான் ஆறு பேர் இருக்கிற வீட்டுச் சட்டைகளைத் தோய்த்து மினுக்கிவிட்டு வந்திருந்தேன். போய் என் சட்டையைத் தோய்த்தேன்.

மாரிகாலத்தில் சியாகுல்லித் தோட்டங்களுக்கு மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போன ஆட்களிடம் அண்ணை மரத்துக்குக் கீழே நின்று படத்தின் முடிவை நடித்துக் காட்ட, ஏணியில் நின்றவர்கள் இறங்கி வந்து கண்ணைத் துடைத்தார்களாம். ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் முற்றத்தில் அவரும் பிலோமினாவும் ஆளுக்கொரு பக்கம். "மீன் சுகமோ?" என்று அவர் தொடங்குவார். "உங்களை விட நல்லாக் கதைக்குது" என்பாள் அவள். வருசக்கணக்காக இதுவே நடந்தது. சண்டைக்கென்றே அவர் சட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு வருவதை நான் கவனிக்காமல் இல்லை.

ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தார். "பிள்ளை, பிலோமினாவிட்டை ஒருக்காக் கேட்டுப் பாக்கிறியே?"

"என்னத்தை? மீன் என்ன விலையெண்டோ?"

"பகிடியை விடு. நானும் தனி, அவளும் தனி. செக்கொந்தோ மே..." அவருடைய எண்ணம் பாதியில் நின்றதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

போய்ச் சொன்னேன். பிலோமினா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணில் வந்த தண்ணீருக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது.

"என்ரை அண்ணன் மிலானுக்கு வந்திடு எண்டு நிக்கிறானக்கா. மாத முடிவிலை போறதெண்டு இருக்கிறன். இவ்வளவு வருசமும் ஊர்ச்சனத்துக்கு முன்னாலை என்னைக் கனவுக்காரி ஆக்கினவர். சனத்துக்கு முன்னாலை, மீன் கதைச்சது எண்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னால் நிக்கிறன். இல்லாட்டி மிலானுக்குப் போறன்."

அண்ணையிடம் வந்தேன். "ஒரு மீன்தானே அண்ணை. சொல்லிப்போட்டு ஆளைக் கட்டுங்கோவன்."

"காணாத மீனைக் கண்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பொய் சொல்லிக் கட்டினால் அவளின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது பிள்ளை?" என்றவர் அன்று சாப்பிடவும் இல்லை. மேல்மாடியில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மாதம் முடிகிறதற்குள் கடவுள் தொலைக்காட்சி மூலமாக இறங்கினார். ஞாயிறு பின்னேரம் 'முகில் மனிதன்' இரண்டாம் பாகம் போடப்போகிறார்கள் என்று என் மகள் சொன்னாள். இருவரையும் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுச் சனமும் கூப்பிடாமலே வந்தது. அண்ணை ஒரு பை மண்டரினோடு வந்தார். பிலோமினா முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று அவள் நித்திரை கொள்ளவில்லை. காற்றாடி ஊதியது, பாறை வந்தது, போர்வை கயிற்றில் ஏறியது. உரித்த மண்டரின் சுளையைக் கையில் வைத்தபடி, சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அதே எழுத்து வந்தது. அண்ணை எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "முடிஞ்சுது. மீன் எங்கை?"

"ஏன் அங்கிள் நிப்பாட்டினீங்கள்?" என்று இங்கேயே படித்து வளர்ந்த என் மகள் கத்தினாள். "பிரீமோ தெம்போ எண்டால் முதல் பாதி! முதல் பாதிதான் முடிஞ்சது, இன்னும் பாதி கிடக்கு!"

"தெம்போ எண்டால் காலநிலை."

"சினிமாவிலை பாதி, அங்கிள்! இடைவேளை!"

அவள் திரும்பப் போட்டாள். சவர்க்கார விளம்பரம், மக்கரோனி விளம்பரம். அதற்குப் பிறகு எழுத்து: செக்கொந்தோ தெம்போ. இரண்டாம் பாதி.

"பாருங்கோ" என்றாள் பிலோமினா, "உங்கடை பேரையே போட்டுக் கூப்பிடுறாங்கள்."

எனக்கு வேறொரு சந்தேகம் எழும்பியது. "அண்ணை, மற்ற இத்தாலியப் படங்களையும் இப்பிடியே...?"

அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். "ஓம் பிள்ளை. ஃபீனே எண்டு போட்டவுடனை நிப்பாட்டிறனான்."

"அப்ப அந்தக் கொலைகாரர் ஒருத்தரும் பிடிபடாதது..."

அறை முழுக்கச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. "பெரிய வெள்ளியோடை எழும்பிப் போனால் உயிர்ப்பு ஞாயிறு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

அப்போது கடல் கலங்கியது. நாய்க்குட்டி அளவில் ஒரு ரப்பர் மீன் தலையை வெளியே நீட்டி, முழியைப் பிரட்டி, வாயைத் திறந்து, சுத்தமான இத்தாலியனில் கதைத்தது. வீடு அலறியது. பிலோமினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். மீனைப் பார்த்த எல்லோரும் இப்போது அண்ணையைப் பார்த்தோம்.

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மீன் கதைக்குது" என்றார்.

"கேக்கேல்லை" என்றாள் பிலோமினா.

"மீன் கதைக்குது! கேட்டுதே எல்லாருக்கும்? நான் பாதியிலை எழும்பிப் போன மடையன். பிலோமினா சொன்னது சரி. மீன் கதைக்குது, ஓரா மீன்தான்!"

பிலோமினா திரும்பக் கதிரையில் இருந்தாள். மிச்சப் படமும் ஓடியது. என்ன சொல்ல? மீன் போய்க் காற்றாடியின் வயரைக் கடித்தது. வில்லன் சேற்றில் விழுந்தான். முகில் மனிதன் எங்கிருந்தோ வந்த ஒருத்தியைக் கட்டினான். மீன் பாட்டுப் பாடியது. பார்க்கப் பார்க்கப் பிலோமினாவின் முகம் சுருங்கியது. அரை நித்திரைக் கண்ணுக்கு எவ்வளவு நல்லாக இருந்த படம்!

"இதுக்கோ நான் இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சனான்?" என்றாள். "அந்த உடுப்புக் காயப்போட்ட இடத்தோடை நிப்பாட்டியிருக்கலாம். அதுதான் படம்."

இதைக் கேட்கத்தானே அந்த மனிதர் இவ்வளவு வருசம் காத்திருந்தார்? 'நான் அப்பவே சொன்னனான்' என்று ஒரு வார்த்தை போதும். நான் அவருடைய வாயையே பார்த்தேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் அண்ணை. "மீன் இல்லாமல் அது என்ன படம்? செக்கொந்தோ மே, மீன் வாற இடம்தான் படத்தின்ரை உயிர்."

"அண்... இல்லை, இஞ்சை பாருங்கோ, பொய் சொல்லாதேங்கோ!"

"சத்தியமாச் சொல்லுறன், மீன்தான் திறம்!"

"கயிறுதான் திறம்!"

'அண்ணை'யை அவள் பாதியில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது. சண்டை பிடித்தபடியே இருவரும் படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். மிலானுக்கு யாரும் போகவில்லை. பலெர்மோவிலேயே, அதே கோயிலில், கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மீன் பக்கம், அவள் கயிற்றுப் பக்கம். இடைவேளையே இல்லை.

அந்தப் படத்தைப் பற்றி இப்போது என்னைக் கேட்டால், முதல் பாதி நல்லது, இரண்டாம் பாதி கண்கொண்டு பார்க்க முடியாத குப்பை. அண்ணைக்கும் அது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணை போய்ச் சேர்ந்து சில வருசங்களாகின்றன. பிலோமினா ஞாயிறு பூசை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் பழக்கத்தில், "அந்த உடுப்புக் காயப்போடுற இடத்தோடை நிப்பாட்டியிருக்கலாம், என்னக்கா?" என்பாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். நான் அவளை ஒருநாளும் காக்கவைப்பதில்லை. "விசர்க்கதை கதையாதை, மீன் வாற இடம்தான் திறம்" என்று முழு மூச்சோடு கத்துகிறேன்.