குப்புசாமியின் பதினான்கு மகன்கள்

கோயம்புத்தூரில் பொய் சொல்லியே புண்ணியம் சேர்த்தவர்களை வரிசையில் நிறுத்தினால் முதல் ஆள் லைன்வீட்டக்காதான். ஆனால் நிற்கமாட்டார். வரிசை என்றாலே அவருக்கு ஆகாது. நேரே என் சீட்டுச் சன்னலுக்கு வந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் சீட்டு எழுதும் குமாஸ்தா. பக்கத்துச் சந்தில் எட்டு அறைகளை ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்ததால் அக்காவுக்கு அந்தப் பெயர். குடியிருந்தவர்கள் ஃபவுண்டரியில் வேலை பார்த்த ஒரிசாப் பையன்கள். எங்கள் வாசலிலோ ‘உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும், ரேஷன் கார்டு அவசியம்’ என்று போர்டு. இரும்புக் குழம்பு காலில் கொட்டி வந்தாலும் கார்டு இல்லாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்போது எனக்கு விதி என்றால் வேதவாக்கு.

ஒருநாள் காய்ச்சலில் நடுங்கிய ஒருவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா வந்தார்.

“ஏனுங் தம்பி, சீட்டு எழுதுங்க. எம்பட பையன், ஜகந்நாத்து.”

“அப்பா பேருங்கக்கா?”

“குப்புசாமிங்க. எங்கூட்டுக்காரர்தான்.”

“பையன் தமிழே பேசக் காணமுங்களே?”

“காச்சலுங்க. உங்களுக்கு நூத்திமூணு அடிச்சாத் தெரியும்.”

ரேஷன் கார்டை ‘டொப்’பென்று வைத்தார். எழுதிவிட்டேன்.

ஆறே மாதத்தில் குப்புசாமிக்குப் பதினான்கு மகன்கள். எல்லாருக்கும் வயது பத்தொன்பதுக்கும் இருபத்துநான்குக்கும் நடுவில். கணக்குப்படி வருஷத்துக்கு இரண்டு பிரசவம்! பதிவேட்டைப் புரட்டிய குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸம்மா ஆடிப்போய், குப்புசாமிக்குப் புத்தி சொல்ல வீட்டுக்கே போய்விட்டார். குப்புசாமி சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். செத்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

“இனி அவரால தொந்தரவு வராதுங்க, நீங்க தைரியமாப் போலாமுங்க” என்று காபி கொடுத்து அனுப்பினாராம் அக்கா. எங்கள் டாக்டர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். போர்டைக் கழற்ற அவருக்கு அதிகாரமில்லை. “அந்தம்மா சொல்றபடி எழுதுய்யா” என்றார்.

அந்தப் பதினான்கில் ஒருவன் சுக்ரா. இரண்டு மாத இருமல், ஆள் பாதியாகிவிட்டான். டாக்டர் டிபி மாத்திரை ஆரம்பித்து, எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கச் சொன்னார். பையன் கூட வந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“டெஸ்ட் வேண்டாம் அம்மா. மேஸ்திரி தெரிஞ்சா வேலை போயிடும். ரயில் ஏத்திடும்.”

அவன் பயந்ததில் நியாயமிருந்தது. வேறொரு பட்டறையில், டெஸ்டுக்குப் போனான் என்பதற்காகவே ஒருவனை மூட்டை கட்ட வைத்திருந்தார்கள். முடிவு என்னவென்றுகூட யாரும் கேட்கவில்லை.

கரண்ட் கட்டாகி ஃபவுண்டரிக்கு லீவு விட்ட நாளில் அக்கா பதினான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒவ்வொருவனிடமும் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார்.

“எல்லாத்துக்கும் எடுங்க டாக்டரு. எனக்குஞ் சேத்தி எடுங்க. அத்தனை பேரையுமா ரயில் ஏத்திப்போடுவாங்க?”

டெஸ்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டே! டாக்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். கதவு அக்காவின் குரலுக்கு எம்மாத்திரம்?

“அட கெரகமே! அம்பத்தெட்டு வயசுக்காரிகிட்டக் கேக்கற கேள்வியா இது? எழுதிக்கோங்க, ஒம்போது வருஷமா சாமி கும்புடறதோட சரி!”

வராந்தாவே சிரித்தது. சுக்ரா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முடிவுகளை டாக்டர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அவர்களும் வெளியே வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் ஃபவுண்டரி மேஸ்திரி என் சன்னலுக்கு வந்தார்.

“எம்பட பசங்கல்லாம் எய்ட்ஸ் டெஸ்ட் எடுத்தாங்களாமா? யாருக்கு இருக்குதுன்னு பேரை மட்டும் சொல்லுங்க தம்பி.”

நான் பதிவேட்டை மூடினேன். மாத்திரைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுக்ராவின் முகத்தில் ரத்தமில்லை. பக்கத்திலிருந்த அக்கா எழுந்து வந்தார்.

“எனக்குத்தானுங்க.”

“வெளையாடாதீங்கக்கா.”

“இதுல என்னங்க வெளையாட்டு? எனக்குத்தான். என்னைய எந்த ரயில்ல ஏத்தப் போறீங்க? நான் பொறந்தது துடியலூருங்க. டவுன் பஸ்ஸே போதும்.”

மேஸ்திரி வந்த வழியே போய்விட்டார். சுக்ராவின் வேலை தப்பியது.

ஆனால் அக்காவின் பேச்சு பொழுது சாய்வதற்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. தினமும் கறிவேப்பிலை கேட்டு வருகிறவர்கள் வரவில்லை. கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, வீட்டுக்கே போனேன்.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்கக்கா?”

“இல்லைன்னு சொன்னா, அப்ப யாருக்குன்னு அடுத்த கேள்வி வருமுங்க தம்பி.”

பேசிக்கொண்டே மோர் கொண்டுவந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு டம்ளரை நீட்டாமல் நின்றுவிட்டார். அந்த வாயாடிக்கும் தயக்கம்! கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

“இன்னொரு டம்ளர் ஊத்துங்கக்கா” என்றேன்.