நாற்காலியார் தூங்காத மனை

ஐப்பசி ஏழு, ஞாயிறு, காலை ஆறு இருபது. மலையில் மேகம், கீழே ஊசித் தூறல். அப்போதுதான் நாற்காலியார் எங்களுக்காக மனை பார்க்க வந்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அவர் தூங்கிப் பார்க்காமல் ஒரு மனையும் விலை போனதில்லை.

மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சீன முறையில் நிலம் பார்ப்பவர். மொபெட்டின் பின்னால் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கட்டிக்கொண்டே திரிவார்.

"நல்ல மனை நாற்காலி மாதிரி இருக்கணும். முதுகுக்கு மலை. ரெண்டு பக்கமும் கை மாதிரி மேடு, இடது கை செத்த ஒசரம். முன்னால வெட்டவெளி, அதுல தண்ணி. ரோடு நேரா வந்து நெஞ்சுல குத்தக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு, மலைக்கு முதுகு காட்டி நடுமனையில் உட்காருவார். தூக்கம் வந்தால் மனை தேறியது. தேவதானத்தில் மழை கொட்டியும் அவர் எழவில்லை. குடை பிடித்து நின்றவர் பேரமே பேசாமல் வாங்கிவிட்டார்.

முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்தியவன் நான். என்னிடம் ஒருவரும் திசைகூடக் கேட்டதில்லை. அவர் குறட்டைக்கு ஊரே கைகட்டி நின்றால் எனக்கு வயிறு எரியாதா?

செட்டியார்பட்டிப் பக்கம் கண்மாயைப் பார்த்த ஐந்து சென்ட் அது. எனக்குப் பிடித்துவிட்டது. மனைவியோ, "அண்ணாச்சி தூங்கட்டும், பொறவு கையெழுத்துப் போடுங்க" என்றுவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று வாடைக்காற்று, மலையின் உயரம், கண்மாய்க் கரைப் பனைமரம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணை மூடினார், திறந்தார்.

"அம்புட்டும் பனையா சார்?"

"பத்தொன்பது பனை. ரெண்டு ஈச்சை."

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, "தூக்கம் வரலையேம்மா" என்றார் என் மனைவியிடம்.

மனையைத் தானே வாங்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. அந்தக் கோபத்திலேயே மனையை வாங்கி வீடும் கட்டினேன். கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று வாரம் வீட்டில் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

பால் காய்ச்சிய அன்று நாற்காலியோடு வந்தார். மறுநாள் மாலையும் வந்தார். பிறகு தினமும்.

"இன்னைக்காவது தூக்கம் வருதா?" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன்.

"எப்படி வரும்? அன்னைக்கே மனையில குத்தம் இல்ல சார். நீங்க பேசிக்கிட்டே இருந்தீக, கேக்க நல்லா இருந்துச்சு."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"தூங்காதவன் தூங்குனேன்னு சொல்லலாமா? ஊரு பூரா என்னைத் தூங்கத்தான் கூப்பிடுது. பேச ஒருத்தரும் கூப்பிடல."

இப்போது எங்கள் வீட்டுக்கு அவர் நாற்காலி கட்டி வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு கடை ஏறி, இடது கை கொஞ்சம் உயர்ந்த நாற்காலி கேட்டேன். நான்கிலும் சிரித்தார்கள். இருந்ததில் ஒன்றை வாங்கி வாசலில் அவருக்கென்று போட்டுவிட்டேன். எண்ணூற்று நாற்பது ரூபாய்.