என் நிலமும் வெல்டாவின் வீடும்

வழக்குப் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். மனிதனின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. என் எல்லையைத்தான் பக்கத்து வீட்டு ஆட்லி கோணலாக வேலி போட்டுத் தின்றுவிட்டான். மூன்றடி நிலம் போச்சு. அதில் நின்ற சீமைப்பலா மரமும் போச்சு.

எங்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்தவன் என்று என்னைத்தான் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. ரம் கடைக்குப் போனால் நிம்மதியாக ஒரு வாய் குடிக்க விடமாட்டார்கள். கடன் கொடுத்தவன் என் படகைத் தூக்கிக்கொண்டு போகலாமா, செத்துப்போன அண்ணன் பேருக்கு வந்த சம்மனை நான் வாங்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கண்ணை மூடி யோசித்துவிட்டுப் பதில் சொல்வேன். அதில் பாதி சரியாகவே இருக்கும்.

வீட்டில் மட்டும் இந்த மரியாதை கிடையாது. என் மனைவி வெல்டாவுக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. ஆட்லியின் மனைவி மெர்லீனும் இவளும் சர்ச்சில் சேர்ந்து பாடுகிறவர்கள். இந்த வீட்டில் உப்பு தீர்ந்தால் அந்த வீட்டில் போய் எடுத்துக்கொள்வாள். மரம் காய்த்தால் அவர்களே கூடை நிறையத் தருகிறார்களே, அதை எதற்குக் கோர்ட்டில் போய்க் கேட்க வேண்டும் என்றாள். கூடை வேறு, உரிமை வேறு என்று விளக்கினேன். அவள் முகம் மாறவில்லை.

"தோத்துட்டா?"

"தோக்க மாட்டேன்."

"தோத்துட்டா, வழக்குச் செலவுக்கு அமீனா வந்து வீட்டைத்தானே ஜப்தி பண்ணுவான்? ஊரார் துணியெல்லாம் துவைச்சு, ஒவ்வொரு பலகையா வாங்கிக் கட்டின வீடுங்க இது. உங்களுக்கு விளையாட்டாப் போச்சு."

குரல் கம்மிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் தெரிந்தவனுக்கு வழி கிடைக்காமல் போகுமா? எங்கள் பார்படோஸில் நிலம் வேறு, வீடு வேறு. அஸ்திவாரம் தோண்டுவதில்லை, அடுக்கிய கற்களின் மேல் பலகை வீடு உட்கார்ந்திருக்கும். கட்டில், பீரோ மாதிரி அதுவும் ஒரு தட்டுமுட்டுச் சாமான்தான். ஆகவே நிலம் என் பேரில் இருக்கட்டும், வீட்டை உன் பேருக்கு எழுதிவிடுகிறேன், அமீனா கிட்டவே வர முடியாது என்றேன்.

"சும்மா பேருக்கா, நெஜமாவா?"

"நெஜமாத்தான். இல்லாட்டி கோர்ட்டு ஒத்துக்காதே."

"அப்ப நான் அதை என்ன வேணா பண்ணலாமா? உங்களைக் கேக்க வேண்டாமா?"

"கேக்கவே வேண்டாம்டி. அதுதான் சட்டம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்த வாரமே வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தேன்.

தீர்ப்பு நாளான வெள்ளிக்கிழமை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பிரிட்ஜ்டவுனுக்குப் பஸ் ஏறினேன். ஜெயித்தேன். மூன்றடியும் எனக்கு, மரமும் எனக்கு. அது போதாதென்று, என் வக்கீல் கோட்டைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், நானே எழுந்து ஒரு தடையுத்தரவும் கேட்டு வாங்கினேன். இனிமேல் அனுமதி இல்லாமல் ஒருவர் நிலத்தில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது, வைத்தால் ஜெயில். ஆட்லி தலையைக் குனிந்துகொண்டு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டான். பாவம் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் நான் வந்து சேர்ந்தபோது நிலம் இருந்தது. மரம் இருந்தது. வீட்டைக் காணோம்.

அடியில் இருந்த கற்களைக்கூடக் காணோம். அப்புறம் பார்த்தால், ஆட்லியின் கொல்லையில், அதே பச்சை ஜன்னல்களோடு என் வீடு நின்றுகொண்டிருக்கிறது. காலையில் நான் கிளம்பியதும் ஊரே கூடி, வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பலகைகளைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டியிருக்கிறது. என்னிடம் ஓசியில் சட்டம் கேட்ட அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து சோளக்களியும் கோலா மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பசி வேறு.

ஜன்னலில் வெல்டா தெரிந்தாள்.

"என்னடி இது?"

"இன்னைக்கு ஆட்லி அண்ணன் மேல போட்டீங்க. நாளைக்கு யார் மேல போடுவீங்களோ, எப்ப எது போகுமோன்னு பயந்துக்கிட்டே அந்த மண்ணுல என்னால தூங்க முடியலைங்க. மெர்லீன் இடம் குடுத்தா. நகர்த்திட்டேன். உங்களைக் கேக்கவே வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் பயந்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்கன்னு, அந்த மூணடியை விட்டுத்தான் வெச்சிருக்கேன்," என்றாள்.

"சரி, சரி. உள்ள வந்து பேசறேன்."

மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைக்கக் காலைத் தூக்கினேன்.

"பாத்துங்க. என்னமோ தடையுத்தரவாமே. அண்ணன் வந்து சொன்னாரு."

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஊரே தட்டை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்லியை 'அண்ணே' என்று கூப்பிட்டு, உள்ளே வர அனுமதி வேண்டும் என்று பணிவாகக் கேட்டேன். அவன் மீன் முள்ளை நிதானமாக எடுத்துப் போட்டான். என் விஷயமாக எதற்கும் தன் வக்கீலைக் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்கு உத்தரவு என்றான்.

வக்கீல் திங்கட்கிழமைதான் வருவார் என்று வெல்டா சொன்னாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டே.