அருவிக்கட்டத்தில் யார் ஜெயித்தார்கள்?

புதுவாயல்,
24.10.2007

சிரஞ்சீவி அன்புசெல்வனுக்கு உன் சித்தி அஞ்சம்மாள் நல்லாசிகளுடன் வரைந்துகொள்வது. இவ்விடம் யாவரும் நலம். ஐதராபாத்தில் உன் உடலும் உணவும் உத்தியோகமும் செம்மையாக இருக்கும் என நம்புகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நான் ஓர் ஆண்பிள்ளையோடு சண்டை போட்டதாகவும், தொழிற்சாலையே கூடிநின்று கூச்சலிட்டதாகவும் அவள் உன்னிடம் தொலைபேசியில் அழுதிருப்பாள். இரண்டும் மெய்யே. ஆயினும் விஷயத்தை முறையாக உரைக்க வேண்டியது என் கடமை.

எங்கள் தகர டப்பாத் தொழிற்சாலையில் மின்விசிறியுள்ள ஓய்வறை ஒன்றே ஒன்றுதான். ஆயுத பூஜைப் போட்டியில் எந்தப் பிரிவு வெல்கிறதோ, அறையின் சாவி ஓராண்டுக்கு அந்தப் பிரிவுக்கே என்பது விதி. இதுநாள்வரை அது தகரத்தை அழுத்தி வார்க்கும் பிரஸ் பிரிவு ஆண்களைவிட்டு அகன்றதில்லை. பேக்கிங் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தும், என் பெண்கள் சைக்கிள் ஷெட்டின் தகரக்கூரைக்கடியில் வெந்துகொண்டே மதியச் சோறு உண்கிறார்கள். இவ்வாண்டு, போட்டி ஆடும் கேரம் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. மேலாளர் துளசிராமன் அவர்கள் செய்வதறியாது நிற்க, நீ என் பொறுப்பில் விட்டுச்சென்ற, டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியையும், பின்னர் தபாலில் அனுப்பிய சண்டை விளையாட்டு சிடியையும் நானே கொண்டுபோய் வைத்தேன். போட்டியில் என் பெயரையும் கொடுத்தேன். பிரஸ் பிரிவின் ஃபிட்டர் மணவாளன் சிரித்த சிரிப்பு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும்.

"இன்னா யக்கா, டப்பாக்கு மூடி போடற வேலன்னு நெனச்சிக்கினியா?" என்றான்.

"தம்பி, உன் வாய்க்கும் ஒரு மூடி கைவசம் உள்ளது" என்று அமைதியாக விடை பகர்ந்துவிட்டு, வந்தவர்களை ஒவ்வொருவராகச் சாய்த்து, இறுதிச் சுற்றில் அவன் எதிரிலேயே போய் அமர்ந்தேன்.

களத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எந்திரத்திடமே விட்டோம். அது எதைத் திறந்தது என்று நினைக்கிறாய்? அருவிக்கட்டத்தை! உன் பழைய வீடியோ கேம் கேசட்டில் முண்டாசு கட்டிய தவளை பலகைக்குப் பலகை தாவி ஓடுமே, எவரிடமும் பாடம் கேளாமல் நான் கடைசிவரை ஓட்டி முடித்தேனே, அந்த அருவிக்கட்டத்தை அப்படியே பெயர்த்தெடுத்துச் சண்டைக்களமாக வைத்திருக்கிறார்கள். அதே கயிற்றுப் பாலம், அதே நீலப் பலகைகள். கண்டதும் என் மனம் குளிர்ந்து, விரல் தானாகவே வலப்பக்கம் அழுத்தியது, ஏனெனில் அந்த விளையாட்டில் வலப்பக்கம் ஓடுவதே வாழ்வு. ஆனால் இங்கோ ஒரு திரை அளவுதான் இடம், அதற்குமேல் காட்சி நகரவில்லை. நான் ஓரத்தில் நின்று சுவரைத் தள்ளிக்கொண்டிருக்க, மணவாளனின் மல்லன் பின்னாலிருந்து உதைக்கிறான். பேக்கிங் நந்தினி, "யக்கா, ஊர்கோலமா போற? திரும்பி அடி யக்கா!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். முதல் சுற்று தோற்றேன்.

இரண்டாம் சுற்றில் எனக்குத் தெளிவு பிறந்தது. நீலப் பலகையில் நெடுநேரம் நின்றால் அது உடைந்து விழும். நான் அதன்மேல் தாவிச்சென்று உடனே விலகினேன். துரத்திவந்த மணவாளன் அங்கேயே நின்று மீசையை முறுக்கினான். பலகையோடு தண்ணீருக்குள் போனான். அந்தச் சுற்று எனக்கு.

மூன்றாம் சுற்று தொடங்கியதும் அவன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். "யக்கா, இது நம்ம தவள கேம்மு அருவி மாரியே கீதே?"

"அதுவேதான், தம்பி."

"பின்னால ஒரு ரகசிய ரூம்பு இருக்குமே, பழமா கொட்டிக்கினு?"

"இருக்கும். குனிந்தவாறே தாவ வேண்டும்."

"இதுல வச்சிருப்பானா யக்கா?"

அறிவை நாடும் ஒருவன் கேட்கும்போது நான் எப்படி அவனைக் குத்துவது? இரு மல்லர்களும் அருவியடியில் அருகருகே நின்று குனிந்து குனிந்து தாவினோம். "டேய் மணவாளா, அடிடா! இன்னாடா குளிச்சிக்கினு கீற!" என்று பிரஸ் பிரிவு கத்த, என் பெண்களோ என்னைப் பெற்றவர்கள்வரை விசாரித்துவிட்டார்கள். ரகசிய அறையும் அகப்படவில்லை, ஓர் அடியும் விழவில்லை, நேரமும் தீர்ந்தது. சமம் என்று எந்திரம் அறிவித்துவிட்டது.

"வழக்கம்போல சாவி எங்களாண்ட இருக்கட்டும்" என்றது பிரஸ். நந்தினியின் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்தேன். "ஐயா, சாவி வென்றவர்க்கே என்பது விதி. வென்றவர் எவருமில்லை. ஆகவே அறையைப் பூட்டும் உரிமையும் எவருக்குமில்லை" என்றேன். துளசிராமன் அவர்கள் நெற்றியைத் தேய்த்தார். "பேஜாரா போச்சும்மா. சாவி எங்கிட்டயே கெடக்கட்டும், ரூம்பு தொறந்தே கெடக்கட்டும். ரெண்டு பிரிவும் அங்கியே துன்னுங்க!" என்றார். நேற்று முதல்முறையாக என் பெண்கள் விசிறிக்கடியில் உண்டார்கள். "சோறு சீக்கிரமா ஆறிப்பூடுது யக்கா" என்று நந்தினி குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்க எத்தனை இன்பமாக இருந்தது, தெரியுமா?

சாவி என்ற ஒன்றே இனி எங்களுக்குத் தேவையில்லை. பூட்டில்லாத கதவே பண்பட்ட தொழிற்சாலைக்கு அழகு என்பது என் உறுதியான கருத்து. வேளாவேளைக்கு உண்டு, உறங்கி, எல்லா வளமும் பெற்று வாழ்வாயாக.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் சித்தி,
அஞ்சம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இன்றைய மதியம் வந்து சேர்ந்துவிட்டது. சோறு உண்ட கையோடு மணவாளன் ஓய்வறையிலேயே விளையாட்டுப் பெட்டியைப் போட்டு, "யக்கா, உள்ள பூந்துட்டேன்!" என்று அலறினான். ரகசிய அறை இருக்கிறது! பிரஸ், பேக்கிங் இரண்டும் திரைமுன் கூடிவிட்டன. மணி அடித்தும் எவரும் எழவில்லை. மணி அடித்தது என் காதிலேயே விழவில்லை. எங்களை அழைத்துப்போக வந்த துளசிராமன் அவர்களும், "குனிஞ்சிக்கினே தாவணுமா?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே டப்பாக்கள் மூடியின்றி மலைபோல் குவிந்தன. ஆகவே அவரிடமிருந்து நானே சாவியைக் கேட்டு வாங்கி, அனைவரையும் வெளியேற்றி, என் கையாலேயே கதவைப் பூட்டினேன். இனி சோற்று வேளைக்கு மட்டும் திறப்பேன். சாவி என் முந்தானையில் உள்ளது.