பின் சீட்டுக்கு வந்த ஆபத்து

எங்கள் காரின் தலையில் ஒரு சாண் குறைக்கப்போவதாக என் வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு அறிவித்தார். நுரைக்கு நடுவே வந்த சேதி என்பதால் முடிவெட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, ரொம்பக் குட்டையாக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

கொப்பளித்துவிட்டு வந்து விளக்கினார். கூரை ஒரு சாண் இறங்கும். முன் கதவுகள் இரண்டும் இறக்கை மாதிரி மேல் நோக்கித் திறக்கும். பின் கதவுகளை வெல்டிங் வைத்து மூடிவிடுவார். பின் சீட் வெளியே போகும். அப்படி ஒரு கார் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

"அப்போ பாப்பா?" என்றேன்.

"பாப்பாவும் உலகத்துல ஒண்ணுதானே" என்றார்.

இப்படிப் பேசுகிறவரோடு எப்படி வாதாடுவது?

அவர் டிங்கர். நசுங்கிய காரை நிமிர்த்துகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கோபம் வரும். 'எனக்கு மட்டும்' என்று கேட்கிற பணக்காரர்களுக்குத் தனித்தனியாகக் கார் செய்துகொடுக்கிற பட்டறையில் தகடு அடிக்கிறவர். ஒருவருக்கு முதலை மூக்கு வைத்த கார். இன்னொருவருக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக் கூரைக்காரர் ஒரே வாரத்தில் வெந்து திரும்பி வந்து, உள்ளே குடை மாட்ட ஒரு கொக்கி கேட்டார். ஒவ்வொரு கார் முடிந்ததும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பித்தளைப் பட்டயம் பதிப்பார்கள். 'ஒன்றில் ஒன்று' என்று இருக்கும். கீழே வாங்கியவர் பெயர், வரைந்தவர் பெயர். அடித்தவர் பெயருக்கு இடம் கிடையாது.

பன்னிரண்டு வருடமாக அடித்தவர், தன் பெயரைத் தானே வெட்டி ஒரு பட்டயம் செய்து, சட்டை அலமாரியில் பனியன்களுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குத் தெரியும். துணி மடிக்கிறவள் கண்ணில் படாமல் ஒரு வீட்டில் எதை ஒளிக்க முடியும்? அதைப் பார்த்திராவிட்டால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

என் பயத்தையும் சொல்ல வேண்டும். பாப்பாவுக்குப் பத்து மாதத்தில் ஒரு ஜுரம் வந்தது. ஜுரத்தோடு இழுப்பும் வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பின் சீட்டில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நான் கீழே காலடியில் மண்டி போட்டுப் பிடித்துக்கொள்ள, அவர் ஓட்டினார். டாக்டர் நல்லவர். "ஜுரத்துல வர்றதுதாம்மா, பயப்படாதீங்க. ஆனா மறுபடியும் வரலாம்" என்றார். 'பயப்படாதீங்க' என் காதில் விழவில்லை. 'ஆனா'விலிருந்துதான் கேட்டது.

அன்றிலிருந்து பாப்பா நெற்றியைத் தொடுவேன். சந்தேகத்துக்கு என் நெற்றியைத் தொடுவேன். பிறகு அவர் நெற்றியை. கடைசியில் சுவரை. நான்கு மாதமாக எங்கள் வீட்டுச் சுவருக்கு ஜுரம் வராமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். மற்றவர்களுக்கு அது காரின் பின் சீட். எனக்கு அதுதான் ஆஸ்பத்திரியின் முதல் கட்டில்.

அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முன்னால் மடியில் வைத்துக்கொள்ளலாமே என்றார். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார்களே என்றேன். மறுபடி வராது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, டாக்டர் 'வரலாம்' என்றுதானே சொன்னார், 'வரும்' என்று சொல்லவில்லையே என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பின் சீட் கழன்று எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. சோபா இல்லாத குறை தீர்ந்தது என்றார். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தவர், அதில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். கழற்றத் தெரியாமல் அரை மணி நேரம் எங்கள் வீட்டில் பிரயாணம் செய்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். மறுநாள் பின் கதவுகளுக்கும் வெல்டிங் விழுந்தது.

அப்போதுதான், அவர் இந்தக் காரை வைக்க நினைத்திருந்த கார் கண்காட்சியின் விண்ணப்பம் வந்தது. முழுக்க ஆங்கிலம். தகட்டில் ஒரு நூல் பிசகினால் விரலாலேயே கண்டுபிடிக்கிற மனிதர், ஆங்கிலப் படிவத்தைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "கான்வென்ட்ல படிச்சவ நீதானே" என்று என் முன்னால் வைத்தார்.

எந்தப் பிரிவு என்று இரண்டு கட்டங்கள். ஒன்று, ஒற்றைக் கற்பனை வாகனங்கள். இரண்டாவது, மாற்றி அமைத்த குடும்ப வாகனங்கள். இரண்டாவதற்கு நிபந்தனைகள் இருந்தன. நான்கு கதவும் திறக்க வேண்டும். பின் சீட் இருக்க வேண்டும். கூரையில் கை வைக்கக் கூடாது. குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது என்று சிஸ்டர் எனக்குப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார். கட்டத்துக்குள் கோடு போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் போட்டேன். என் வீட்டுக்காரரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

குடும்ப வாகனப் பிரிவில் சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் கூடத்தில் இருந்த பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். கண்காட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டார். பிரிவை மாற்ற முடியாது என்றார்கள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெல்டிங்கை அறுத்தார். பட்டறையில் கூட வேலை செய்யும், தகட்டுக்குப் பட்டி பூசுகிற அண்ணனும் வந்து, இதற்கு மூடாமலே இருந்திருக்கலாமே என்று கிண்டல் பண்ணினார். இவர் பின் கதவுகளின் கீலை மட்டும் எதிர்ப்பக்கம் மாற்றி, அலமாரிக் கதவு போலத் திறக்க வைத்தார். சீட்டில் தலை வைக்கிற ஓரத்தை உயர்த்தி, கீழே மண்டி போடுகிற இடத்தில் கெட்டி மெத்தை ஒட்டினார்.

கண்காட்சியில் குடும்ப வாகனங்களுக்கு வாசலை ஒட்டிய வெயில் வரிசை. உள்ளே இறக்கைக் கார்களைச் சுற்றிக் கூட்டம். எங்கள் பக்கம் வந்த ஒரே ஆள், கழிப்பறை எங்கே என்று கேட்டார். இவர் புதுச் சட்டையில், காருக்கு முன்னால் ஒரு முக்காலியில் பித்தளைப் பட்டயத்தை நிறுத்திவிட்டு, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினொரு மணிக்குப் பாப்பா நெற்றியைத் தொட்டேன். என் நெற்றியைத் தொடத் தேவைப்படவில்லை.

"ஏங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நடுவர்கள் மூன்று கார் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் இழுப்பு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் மெத்தையில் மண்டி போட்டு, ஒருக்களித்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். ரெண்டு நிமிஷம் என்றேன். மூணு. மூன்றரையில் பாப்பா அழுதாள். அவளைவிட அதிகமாக முன் சீட்டில் சத்தம் கேட்டது.

பாப்பா தேறினாள். பட்டயத்தை எடுக்க மறுநாள் போனார். முக்காலி மட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மதிப்பிடும் நேரத்தில் வாகனம் அதன் இடத்தில் இல்லாததால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது, வருந்துகிறோம். நான்கே வரி. அதை நான் அவருக்கு ஐந்து நிமிடம் படித்துக் காட்டினேன். இப்படிக் கதவு வைத்த கையை எங்கும் கண்டதில்லை என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன். பரிசு கொடுக்க விதியில் இடமில்லையாம், இருந்தாலும் பெயரைக் குறித்துவைத்திருக்கிறார்களாம். சிஸ்டர் கேட்டிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினார்.

ஒரு மாதம் அவஸ்தைப்பட்டேன். ஆங்கிலம் தெரிந்தவர்கள் யார் வந்தாலும் சமையலறையிலேயே உட்கார வைத்தேன். கடைசியில் தாங்காமல், அதில் எழுதியிருப்பது வேறு என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பாப்பாவுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும். வேலை கேட்டு எழுதினப்போ எனக்கு வந்த எல்லா லெட்டர்லயும் அந்த 'ரிக்ரெட்' இருக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டாமலே படிப்பேன்."

"அப்புறம் ஏன் மாட்டினீங்க?"

"நீ படிச்சது நல்லா இருந்துச்சு."

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் இரண்டாவது சாக்ஸை எடுத்தார்.

"அடுத்த வருஷம் ஃபாரத்தைப் பட்டி அண்ணன்கிட்ட கொடுத்து நிரப்பிக்கிறேன். கட்டத்துல கோடு போடுறதுக்குக் கான்வென்ட் படிப்பு ரொம்ப அதிகம்."