கிடாருக்கு ஜரிகைச் சோதனை

பொறாமை வந்த நேரத்தை டைரியில் குறித்துவைத்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஞாயிறு, மாலை ஐந்தேகால், செவிலிமேடு.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் ஜரிகை சோதிப்பது என் வேலை. லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளை தெரிந்தால் போலி. ஓய்வு நாட்களில் தாமு அண்ணனின் மெல்லிசைக் குழுவில் முன்னால் நின்று வாசிக்கும் லீடு கிடார். பதினான்கு வருஷமாக அந்த இடம் என்னுடையது. (வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது தாமு அண்ணனின் விளக்கம்.)

அன்று எங்கள் ரிதம் கிடார்காரன் செல்வின், மறைந்த பெரியப்பாவின் எலெக்ட்ரிக் கிடாரைக் காட்ட எங்களைச் செவிலிமேட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையது. உடம்பு முழுக்கப் பொன்னிறம். கழுத்தின் பின்பக்கம் மட்டும் பெரியப்பாவின் கட்டைவிரல் போய்வந்து வழவழத்திருந்தது. ஒரு திருகுகூட மாற்றவில்லையாம். செல்வின் ஒரு தந்தியை மீட்டினான். அந்தச் சத்தம் ஓய்வதற்கு அவசரப்படவே இல்லை.

தாமு அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்தவர், திருப்பித் தர மறந்துபோனார். இதற்காகவே சென்னையிலிருந்து வந்த இரண்டு கிடார்காரர்கள், பிறந்த குழந்தையைத் தூக்கக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப்போல நின்றார்கள். என் கிடாரை நான் வாரம் இருமுறை துடைக்கிறேன். அதைத் தொட ஆசைப்பட்ட ஒரே ஜீவன் எதிர்வீட்டுப் பூனை.

"இது நெஜமாவே ஒரிஜினல்னா இனிமே செல்வினே லீடு வாசிக்கட்டும்பா," என்றார் தாமு அண்ணன். "மேல மறுபடி பெயிண்ட் கியிண்ட் அடிச்சிருந்தா வேற கதை."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எல்லோரும் காபி எடுக்கத் திரும்பியபோது, தாமு அண்ணன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போன கிடாரைக் கவிழ்த்தேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிறு கத்தியால் ஓரத்தில் சுரண்டினேன். வெள்ளை.

"டூப்ளிகேட்," என்றேன், கடையில் சொல்லும் அதே குரலில். "ரிட்டர்ன் அனுப்பிடுங்க."

செல்வின் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "அண்ணே, இன்னாண்ணே பண்ணிக்கினு இருக்கீங்க? இது இன்னா பொடவையா?"

சென்னைக்காரர் ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் கீறலை நெடுநேரம் பார்த்தார். "மரத்து மேல வெள்ளை, அதும்மேல கோல்டு. ரெண்டே கோட்டு பெயிண்ட். மறுபடி அடிச்சிருந்தா நடுவுல இன்னொண்ணு தெரியும். சுத்தமான ஒரிஜினல்பா. இப்படி சுரண்டிப் பாக்க எங்களுக்கெல்லாம் மனசு வராது. சார் பண்ணிட்டாரு."

தாமு அண்ணன் என் தோளைத் தட்டினார். "பதினாலு வருஷத்துல நீ பண்ண உருப்படியான வேலை இதாம்பா."

டைரியில் அன்றைய பக்கம்: லீடு, செல்வின். ரிதம், நான். கீறல், 13 மி.மீ.

செல்வின் அதைச் சரிசெய்யவே இல்லை. கிடாரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கவிழ்த்துக் கீறலைத்தான் பார்க்கிறார்கள். என் வாசிப்பை யாரும் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை.

போன மாதம் என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை தன் தங்க நிறக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். (யார் சொல்லிவைத்தார்களோ. என் மனைவி மேல் எனக்குச் சந்தேகம்.)

"வெறும் கவரிங்தான் மாமா," என்றார். "நானே சொல்லிடறேன்."

என் மனைவி அந்த நிமிஷமே சம்மதம் சொல்லிவிட்டாள்.