வெறுங்கதிரையில் நவரத்தினம் மாமா

ஒரு வேலையை அறவே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய கேடில்லை. அவன் பேசாமல் இருந்துவிடுவான். பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. (இது என் மனைவி ரஜனியின் கண்டுபிடிப்பு. என்னைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.) வீடியோவைச் சுருக்கும் வேலையில் நான் பாதி தெரிந்தவனாக இருந்த காலத்தில், இறந்துபோன ஒரு மனிதரை அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்கே கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டேன்.

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்ரூடியோ. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் நானே எடுத்து, நானே வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். நவரத்தினம் மாமா பக்கத்து ஒழுங்கைக்காரர். வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்தவர். எனக்கு அவர் உறவில்லை. ஊரே மாமா என்றதால் எனக்கும் மாமா.

அவர் காலமானதும் மகன் ரூபன் அண்ணை கனடாவிலிருந்து வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் நின்று எல்லாம் ஒழுங்காகச் செய்தார். திரும்பிப் போகுமுன் என்னிடம் வந்தார்.

"தம்பி, அப்பாவின்ரை பேரிலை ஒரு வெப்சைட் செய்திருக்கிறன். வீடியோவை அதிலை போடவேணும். சகோதரங்கள் நாலு நாட்டிலை கிடக்குதுகள். அம்மாவின்ரை போனிலையும் சுத்திக்கொண்டு நிக்காமல் ஓடவேணும்."

"உதெல்லாம் ஒரு வேலையே, அண்ணை? நான் சுருக்கினால் கிணத்தைச் செம்புக்கை அடைக்கலாம்" என்றேன். (அந்த வாய்க்கு அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.)

வீடியோவின் தொடக்கத்தில் என் கலைத்திறமையைக் காட்டியிருந்தேன். முந்தி அவர்கள் வீட்டுப் பேத்தி பெரியவளான சாமத்தியவீட்டுக்கு நான் எடுத்த ஒரு துண்டு என்னிடம் இருந்தது. முற்றத்து நீலக் கதிரையில் மாமா வெற்றுடம்போடு, சால்வை தோளில், கமராவை நேரே பார்த்தபடி இருப்பார். அந்தியேட்டியன்றும் கமராவை அதே இடத்தில் நட்டு, அதே கதிரையை வெறுமையாக எடுத்தேன். கிரியை முடியும்வரை கமராவை அசைக்கவில்லை. முதற்காட்சி மெல்லக் கரைந்து இரண்டாவதாக மாறும். மாமா மறைவார், கதிரை மிஞ்சும். பார்ப்பவர்கள் விக்கி விக்கி அழுவார்கள் என்பது என் கணக்கு.

ரூபன் அண்ணை கனடாவுக்குத் திரும்பிய பிறகு அதைச் சுருக்கு சுருக்கென்று சுருக்கி, அவர் சொன்ன தளத்தில் ஏற்றிவிட்டுப் பெருமையோடு படுத்தேன்.

அடுத்த நாள் காலை பத்துமணி வெயிலில் போன் அடித்தது. கனடாவில் அப்போது நடுச்சாமம். ரூபன் அண்ணையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"தம்பி, உந்தக் கதிரையிலை ஆர் இருக்கிறது?"

"எந்தக் கதிரை, அண்ணை?"

"அந்தியேட்டியண்டு முத்தத்திலை கிடந்த கதிரை. நான்தானே அதிலை ஒருத்தரையும் இருக்கவிடாமல் மறிச்சனான். அப்பா இருக்கிறாரடா. கிரியை முடியுமட்டும் இருக்கிறார்."

அழுது களைத்த மனிதருக்குக் கண் மாறாடுகிறது என்று நினைத்து, என் கொம்பியூட்டரில் இருந்த மூல வீடியோவை ஓடவிட்டேன். வெறுங்கதிரை. நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வெப்சைட்டைத் திறந்தேன்.

மாமா இருந்தார்.

முழுதாக இல்லை. அவருக்கூடாகக் கதிரையின் நீலமும் பின்னால் நின்ற வேலியும் தெரிந்தன. ஆனால் தோள் தெரிந்தது, சால்வை தெரிந்தது, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளங்கள் தெரிந்தன. ஐயர் மந்திரம் சொல்கிறார், சனம் போகிறது வருகிறது, அவர் அசையவில்லை. தன் கிரியை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பவர்போல இருந்தார். அவருடைய மனைவி பூமணி மாமி தண்ணீர்ச் செம்போடு கதிரைக்கு முன்னால் கடந்து போனார். அப்போது மாமாவின் தலை மாமி போன பக்கம் மெல்லத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. திரை கறுத்தது. கறுத்த திரையில் என் முகமும், அதற்குப் பின்னால் இன்னொரு முகமும்.

நான் போட்ட சத்தத்தில் பின்னால் தேத்தண்ணியோடு நின்ற ரஜனியும் சத்தம் போட்டாள். தேத்தண்ணி கொம்பியூட்டரில் பாதி, என் மடியில் பாதி.

விஷயத்தைக் கேட்டதும் அவள் சாமியறைக்கு ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்தாள். எனக்குப் பூசினாள். தேத்தண்ணி ஈரம் காயாத கீபோர்டுக்கும் பூசினாள். (ஈரத்தில் குழைந்த திருநீறு என்ன செய்யும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.)

இதற்குள் ரூபன் அண்ணை கிரியை செய்த ஐயருக்கும் போன் எடுத்துவிட்டார். ஐயருக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டதாம். "நான் செய்ததிலை ஒரு பிழையுமில்லை. சந்தேகமெண்டால் இருக்கிறவரையே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டாராம்.

"அப்பாக்கு இன்னும் வழி கிடைக்கேல்லைத் தம்பி. நான் திரும்ப வந்து எல்லாம் முதல்லையிருந்து செய்யப்போறன். ரிக்கற் பாக்கிறன். அம்மாவுக்கு மட்டும் காட்டிப்போடாதை, அவ நெஞ்சு வருத்தக்காறி" என்று ரூபன் அண்ணை அழுதார். ஒரு மனிதர் வேலையை விட்டு, பிள்ளைகளை விட்டு, மறுபடியும் தகப்பனைக் கரைசேர்க்க வரப்போகிறார். அதைக் கேட்டபோது பேய்ப்பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு வந்தது. இது என் கைவேலையாக இருந்தால்?

கரண்ட் வந்ததும், ரஜனியைப் பக்கத்திலேயே இருத்திக்கொண்டு, சுருக்கிய விதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீடியோவைச் சுருக்கும்போது கொம்பியூட்டர் எல்லாப் படங்களையும் முழுதாக வைத்திருக்காது. இடைக்கிடை ஒன்றை முழுதாக வைக்கும். மற்றவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டு, மாறாததை முந்திய படத்திலிருந்தே இழுத்துவரும். நான் கிணற்றைச் செம்புக்குள் அடைக்கும் ஆசையில், முழுப் படமே அநேகமாக வேண்டாம் என்று பொத்தானை அமத்தியிருந்தேன். இடத்தையும் கஞ்சப்பிசினாறியாகக் கொடுத்திருந்தேன். மாமா மெல்ல மெல்லக் கரைந்தபோது, கடைசி மிச்சத்தை அழிப்பதற்கு அதனிடம் இடமில்லை. 'இந்தச் சின்ன வித்தியாசத்தை ஆர் பார்க்கப்போகினம்' என்று அவரை அப்படியே விட்டுவிட்டது.

அளவைக் கூட்டி, முழுப்படங்களை அடிக்கடி வைத்து, மறுபடி சுருக்கி ஏற்றினேன். கதிரை வெறுங்கதிரை ஆனது. ரூபன் அண்ணைக்குப் போனில் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். இங்கே எழுதக்கூடியது "மடையா" ஒன்றுதான்.

எல்லாம் முடிந்தது என்று சாப்பிட இருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. பூமணி மாமி வெயிலுக்குள் நடந்து வந்து நின்றார். கையில் போன்.

"தம்பி, அந்தாளை ஏன் எழுப்பினனீ?"

நான் சோற்றுக் கையோடு எழும்பினேன். "ஆரை, மாமி?"

"காலமை பாத்தனான். இருந்தவர். இப்ப கதிரை சும்மா கிடக்குது."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவாரோ என்று பயந்து, முழுப்படம், அரைப்படம் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது பேயில்லை?"

"இல்லை மாமி. என்ரை பிழை."

"பேயெண்டு நான் சொன்னனானே? நாப்பது வருசம் அந்தாளுக்கு முன்னாலை நடந்து திரிஞ்சனான். ஒருநாள் நிமிந்து பாத்ததில்லை. கடலைப் பாக்கும், வலையைப் பாக்கும். அந்தியேட்டியண்டுதான் நான் போகேக்கை திரும்பிப் பாத்தது." போனை என்னிடம் நீட்டினார். "பழையதைப் போட்டுத் தா."

நான் அங்கேயே நின்று ரூபன் அண்ணைக்குப் போன் எடுத்து, தாய் கேட்பதைச் சொன்னேன். மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போடு" என்றார்.

இன்றைக்கும் அந்தத் தளத்தில் இரண்டும் இருக்கின்றன. நல்லதை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் நான் ரூபன் அண்ணைக்குச் சொல்லவில்லை. பிறகு அதே அளவுகளில் பலமுறை சுருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மாமா வருகிறார், இருக்கிறார். ஒருமுறையும் தலையைத் திருப்பவில்லை. சாமத்தியவீட்டுத் துண்டிலும் அவர் முகம் கடைசி வரைக்கும் நேரேதான் பார்க்கிறது.

ஊருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்லியும் எழும்பாத விருந்தாளியை இப்போது கொழும்புத்துறையில் 'ஆளைச் சுருக்கிப்போட்டாங்கள்' என்கிறார்கள். கனடாவில் ரூபன் அண்ணை வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். போன கிழமை என் மாமனார் வந்தவர், மூன்றாவது தேத்தண்ணியும் குடித்துவிட்டு அசையாமல் இருந்தார். குசினிக்குள்ளிருந்து ரஜனி எட்டிப்பார்த்தாள்.

"என்னப்பா, எங்கடை அப்பாவையும் சுருக்கிப்போட்டியளோ?"